மேட்டு வெயிலில் ஒரு பங்கு

விளாத்திமோட்டையில் கூட்டம் என்றால் அது எப்போதும் இரண்டு கூட்டம். ஒன்று பொதுநோக்கு மண்டபத்துக்கு உள்ளே, கதிரை போட்டு, வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வைத்து நடப்பது. மற்றது வெளியே, வேலியோர வேம்பின் கீழே, சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்தபடி நடப்பது. உள்ளே இருப்பவர்கள் குளத்தின் கீழ் வயல் உள்ள அறுபத்துநான்கு குடும்பத்தார். வெளியே நிற்பவர்கள் மேட்டுத்தெருவின் இருபத்திரண்டு குடும்பத்தார். வெளியே நில்லுங்கள் என்று அவர்களுக்கு யாரும் ஒருநாளும் சொன்னதில்லை. உள்ளே வாருங்கள் என்றும் யாரும் சொன்னதில்லை.

இதற்கு ஒரு நியாயமும் இருந்தது. மாரிமழையோடு தொடங்கும் காலபோக விதைப்புக்கு முன்னால் வருடா வருடம் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும். எப்போது உழவு, எப்போது விதைப்பு, எந்த வாய்க்காலுக்கு என்றைக்குத் தண்ணீர் என்பதெல்லாம் அதில் முடிவாகும். மேட்டுத்தெருவாருக்கு வயல் கிடையாது, மாடு உண்டு. வயல்வெளியிலிருந்து எத்தனையாம் திகதிக்குள் மாடுகளைக் கலைக்கவேண்டும் என்று வாசிக்கும்வரை நின்று, அந்தத் திகதியைக் காதில் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறிவிடுவார்கள். அந்த ஒரு திகதிக்காக உள்ளே போய்க் கதிரையில் குந்துவானேன்?

அப்படி வேம்பின் கீழே நாற்பது வருடம் நின்றவர் வீரபாகு. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு தேயிலைத் தோட்டத்தை விட்டுத் தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்தபோது அவருக்கு ஒன்பது வயது. காடு வெட்டினார்கள், குடிசை போட்டார்கள், ஓடினார்கள், திரும்பி வந்தார்கள், மறுபடியும் ஓடினார்கள், மறுபடியும் வந்தார்கள். இப்போது முக்கால் ஏக்கர் மேட்டுக்காணியும் ஒரு கிணறும் ஆறு மாடுகளும் உண்டு. ஊரில் யாருக்காவது வேலிக்குக் கதியால் போடவேண்டுமா, கிணறு தோண்டவேண்டுமா, வீரபாகுவைத்தான் கூப்பிடுவார்கள். மண்ணில் அலவாங்கு விழுகிற சத்தத்தை வைத்தே கீழே என்ன கிடக்கிறது என்று சொல்லிவிடுவார். வாய் மட்டும் கொஞ்சம் கம்மி. அவருக்கும் சேர்த்துப் பேசத்தான் கடவுள் பேச்சியம்மாவைப் படைத்தார் என்பது மேட்டுத்தெருவின் தீர்மானம்.

சோலர் பண்ணைக் கதை பங்குனியில் தொடங்கியது. ஊரே சேர்ந்து, ஊரின் பெயரிலேயே ஒரு பண்ணை. தகடுகளும் கம்பிகளும் ஒரு திட்டத்தில் வரும், நிலமும் உடலுழைப்பும் ஊரினது. விளைகிற மின்சாரத்தில் ஒரு பகுதி மின்சார சபைக்கு, மற்றது பங்காளிகளின் கிணறுகளுக்கு. பகலில் ஒவ்வொரு பங்காளியின் கிணற்றிலும் இரண்டு மணித்தியாலம் மோட்டர் ஓடும். இதைப்பற்றி ஆவணி முடிவதற்குள் மூன்று கூட்டம் நடந்துவிட்டது. மூன்றுக்கும் வீரபாகு தவறாமல் போனார். வேம்பின் கீழே நின்று ஒரு சொல் விடாமல் கேட்டார். வீட்டுக்கு வந்து, யார் என்ன சொன்னார், யாருக்கு யார் குறுக்கே விழுந்தார் என்று பேச்சியம்மாவுக்கு முன்வரிசையில் இருந்து கேட்டவர்போல ஒப்புவித்தார். அவளும் மனிதன் உள்ளேதான் இருந்திருக்கிறார் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

மோட்டர் என்ற சொல் அந்த வீட்டில் சாதாரணச் சொல் அல்ல. எண்ணெய் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்ற வருடம், வீரபாகு வாடகைக்கு எடுத்த இறைப்பு மிசினுக்கு எண்ணெய் தேடிக் கனகராயன்குளத்தில் வெற்றுக் கானோடு மூன்று நாள் காத்துக் கிடந்தார். நான்காம் நாள் ஐந்து லீற்றர் மண்ணெண்ணெயோடு வந்து சேர்ந்தபோது, பூவும் பிஞ்சுமாக நின்ற எண்ணூறு மிளகாய்க் கன்றும் தலை சாய்ந்து கிடந்தன. பேச்சியம்மா வாளியால் அள்ளி அள்ளி ஊற்றிக் காப்பாற்றிய நாற்பது கன்றுதான் மிச்சம். இரண்டு கையிலும் கயிறு அறுத்த காயம். அன்றைக்கு அவள் அழவில்லை, அவர்தான் கிணற்றுக்கட்டில் இருந்து அழுதார். அதற்குப் பிறகு மிளகாய் போடவேயில்லை. தண்ணீர் அதிகம் கேட்காத கச்சான் கடலையும் மரவள்ளியுமாகக் காலம் போனது. மோட்டர் வந்தால் மறுபடி மிளகாய் போடலாம் என்பது இருவரும் வாய்விட்டுச் சொல்லாமல் வைத்திருந்த ஆசை.

புரட்டாதி பிறந்த முதல் கிழமை, வவுனியாவிலிருந்து இஞ்சினியர் பிள்ளை ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். பெயர் கிருசாந்தி. பெரிய தொப்பி, முழுக்கைச் சட்டை, முதுகில் மூன்று கால் முளைத்த ஒரு கருவி. ஊரில் நான்கு இடம் பார்த்து, மூன்றைக் கழித்துவிட்டாள். ஒன்றில் குளம் நிரம்பி வான் பாய்ந்தால் வெள்ளம் ஏறும். ஒன்றில் காட்டு நிழல் விழும். மற்றது மின்கம்பியிலிருந்து தூரம். மிஞ்சியது மேட்டுத்தெருவின் நடுவே, வீரபாகுவின் வேலியோடு ஒட்டிக் கிடந்த, சரளைக்கல் நிறைந்த கிறவல் மேடு. அதில் புல்லும் முளைக்காது. மேட்டுத்தெருப் பெண்கள் கச்சானும் மரவள்ளிச் சீவலும் காயவைப்பது அங்கேதான். காலையில் விழுந்த வெயில் பொழுது படும்வரை அந்த மேட்டை விட்டு நகராது.

தூண் நாட்டுவதற்கு மண் தாங்குமா என்று ஐந்து குழி வெட்டிப் பார்க்கவேண்டும். வீரபாகுவைக் கூப்பிட்டார்கள்.

சோளகக் காற்று ஓய்ந்து, மழையும் பிடிக்காத இடைக்காலம் அது. காற்று செத்துப்போய்க் கிடந்தது. மேட்டில் நின்றால் காலுக்குக் கீழும் வெயில், தலைக்கு மேலும் வெயில். வீரபாகு சாரத்தை மடித்துக் கட்டி, தலைக்குத் துவாயைச் சுற்றிக்கொண்டு அலவாங்கைப் போட்டார். முதல் ஒன்றரை அடி இறுகிய கிறவல், 'ணங்' என்றது. அதன் கீழே சத்தம் மாறிக் கனத்தது. இனிக் களி கலந்த கிறவல் வரும், மூன்றரை அடிக்குப் பிறகு கல் என்று நிமிராமலே சொன்னார். கிருசாந்தி குறித்துக்கொண்டாள். மூன்றரை அடியில் கல் வந்தது. அடுத்த குழியில் அவள் முன்கூட்டியே கேட்டுக் குறித்தாள், அதுவும் பிசகவில்லை. நான்காவது குழிக்கு வந்தபோது அவள் அளவு நாடாவை எடுக்கவேயில்லை.

மத்தியானம் பேச்சியம்மா இருவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டாள். வெயிலில் வாடிப்போன பிள்ளைக்குக் கடைப் பாணைக் கொடுத்து அனுப்ப அவளுக்கு மனம் வராது. தேங்காய்ப்பூப் போட்டுத் தட்டிய றொட்டி, அம்மியில் அரைத்த சம்பல், அவித்த மரவள்ளிக்கிழங்கு, பயத்தங்காய்ப் பால்கறி. சாப்பிட்ட பிறகு தேத்தண்ணீர். தேத்தண்ணீர் விஷயத்தில் பேச்சியம்மா ஒரு பெரிய நீதிபதி. கடையில் விற்கும் தூள் எல்லாம் கூட்டி அள்ளின குப்பை என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டே, அந்தக் குப்பையில்தான் அருமையான தேத்தண்ணீர் போட்டுத் தந்தாள்.

"மக, எனக்கொன்னு சொல்லு. அந்தத் தகட்டுக்குக் கீழ நெழலு இருக்கும்ல, அதுல ஆடு கட்டலாமா?" என்று கேட்டாள்.

"ஆடு வேண்டாம் அம்மா, மேல பாஞ்சு ஏறிப்போடும். செம்மறி எண்டால் பிரச்சினை இல்லை, அது குனிஞ்ச தலை நிமிராமல் மேயும்" என்றாள் கிருசாந்தி.

"இவரு மாதிரி" என்றாள் பேச்சியம்மா. வீரபாகு கேட்காதவர்போலத் தேத்தண்ணீரை உறிஞ்சினார்.

கச்சான் காயவைக்க இடம் வேண்டுமே என்று பேச்சியம்மா அடுத்த விண்ணப்பத்தைப் போட்டாள். கிருசாந்தி பையிலிருந்து படத்தை எடுத்துப் பாயில் விரித்தாள். தகடுகளின் வரிசை எங்கே, வேலி எங்கே என்று காட்டி, வடக்குப் பக்கத்து வேலியைக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் காயவைக்க இடம் மிஞ்சும் என்று பென்சிலால் கோடு போட்டாள். படத்தில் ஊர்க் கிணறுகள் எல்லாம் நீலப் புள்ளிகளாக இருந்தன. மோட்டர் லைன் போகும் கிணறுகளுக்குச் சிவப்பு வட்டம். நம்முடையது எது என்று கேட்ட பேச்சியம்மாவுக்கு அவள் விரலை வைத்துக் காட்டினாள். நீலப் புள்ளி இருந்தது. சிவப்பு வட்டம் இல்லை. மேட்டுத்தெருவின் இருபத்திரண்டு புள்ளிக்கும் இல்லை.

கிருசாந்தி முகம் மாறி, குளத்து விவசாயிகளின் கமக்காரர் அமைப்பு கொடுத்த பங்காளிப் பட்டியலைப் புரட்டினாள். அறுபத்துநான்கு பெயர். வீரபாகு என்று ஒரு பெயர் இல்லை.

வீரபாகுவுக்கு அதில் புதினம் எதுவும் இல்லை. "அது குளத்துக்காரற்ற பேர் பிள்ளை. கமக்காரர் அமைப்பில எந்தப் பட்டியல் எழுதினாலும் அந்த அறுபத்துநாலுதான்" என்று அவளுக்கு ஆறுதல் சொல்லுவதுபோலச் சொன்னார்.

"இது குளமில்லையே ஐயா" என்றாள் அவள்.

அவள் அதை வாதமாகச் சொல்லவில்லை, சும்மா உள்ளதைச் சொன்னாள். ஆனால் அந்த வார்த்தை வீரபாகுவின் நெஞ்சில் போய்க் குத்தி நின்றது. குளமில்லைத்தான். அப்படியிருக்க, குளத்துக் கூட்டத்துக்கு நிற்பதுபோல மூன்று தரமும் ஏன் வேம்பின் கீழே நின்றோம் என்று அவர் முதன்முதலாக யோசித்தார்.

கிருசாந்தி போகும்போது ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போனாள். வெள்ளிக்கிழமை பட்டியல் திட்டத்தை நடத்தும் கந்தோருக்குப் போகிறது. போனால் பிறகு ஒரு பெயரும் சேர்க்க ஏலாது. வியாழக்கிழமை காலையில் கடைசிக் கூட்டம். அதில் ஊர் ஒத்துக்கொண்டு மாற்றினால், படத்தை மாற்றுவது தன் வேலை.

ஸ்கூட்டர் சத்தம் ஓய்ந்ததும் பேச்சியம்மா கேட்டாள். "மூணு கூட்டத்துக்குப் போனீங்களே, பேரு குடுக்கலயா?"

"கேக்கல."

"கேக்கலயா? உள்ளதான இருந்தீங்க?"

வீரபாகு அலவாங்கின் முனையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த அலவாங்கு அது. பேச்சியம்மாவுக்கு விளங்கிவிட்டது. அவள் சத்தம் போட்டிருந்தால் அவருக்கு ஒன்றுமில்லை, நாற்பது வருடப் பழக்கம். அவளோ உள்ளங்கைகளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு இருந்தாள். கயிறு அறுத்த தழும்பு இரண்டிலும் இருந்தது.

"மேடு நம்ம மேடு. கச்சான் காயவைக்கிற எடத்தையும் குடுத்துட்டு, குழியும் வெட்டிக் குடுத்துட்டு, நான் இன்னும் வாளியால அள்ளணுமா?" என்று கடைசியில் கேட்டாள்.

வியாழக்கிழமைவரை பொறுக்காமல் யோகலிங்கத்தை வீட்டிலேயே போய்க் காண்கிறேன் என்று அவர் அப்போதே சைக்கிளை எடுத்தார்.

யோகலிங்கம் கமக்காரர் அமைப்பின் தலைவர். அதற்கு முன்னால் இருபது வருடம் வட்டவிதானை, அதாவது குளத்துத் தண்ணீரை யாருக்கு எப்போது திறப்பது என்று முறை பார்க்கும் ஆள். குடியேற்றத் திட்டம் வந்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி பெற்ற குடும்பம். குளத்துத் தண்ணீர் வெளியேறும் துருசிலிருந்து இறங்கினால் முதல் வயல் அவருடையது. பங்குப் பட்டியல் எப்போதும் தண்ணீருக்கு மிகக் கிட்ட உள்ள காணியில்தான் தொடங்கும் என்பதால், தகப்பன் காலத்திலிருந்து அந்த ஊரில் எழுதிய எல்லாப் பட்டியலிலும் முதல் பெயர் அந்த வீட்டுப் பெயர்தான். கண்டிப்பான மனிதர். முறை என்றால் முறை. ஆனால் வஞ்சகம் கிடையாது. அது வீரபாகுவுக்கும் தெரியும்.

படலையில் நின்று கூப்பிட்டதும் யோகலிங்கம் வெளியே வந்து, என்ன வீரபாகு, இந்த வெயிலில் என்றார். வீரபாகு வாயைத் திறந்தார். வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வசனம் எங்கேயோ வாய்க்காலில் விழுந்துபோயிருந்தது. வேலி சரிந்து கிடக்கிறதே, மழைக்கு முன்னம் அடைக்க வேண்டாமோ என்று கேட்டார். ஓம், நானே ஆள் அனுப்பவேண்டும் என்று நினைத்தேன் என்று யோகலிங்கம் மகிழ்ந்துபோனார். ஆக, பெயர் கொடுக்கப் போன மனிதர் வேலி அடைக்கும் வேலையைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

பேச்சியம்மா இதைக் கேட்டுத் தலையில் கைவைத்து, பிறகு சிரித்தேவிட்டாள். சிரித்து முடித்துவிட்டு, வியாழக்கிழமை நானும் வாறேன் என்றாள்.

செவ்வாயும் புதனும் வீரபாகு யோகலிங்கத்தின் வேலியை அடைத்தார். பூவரசங் கதியால் நாட்டி, பழைய கிடுகை உருவிப் புதுக் கிடுகு வைத்துக் கட்டுகிற வேலை. கை வேலை செய்ய, மனம் தன் பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. இவர்கள் ஏன் அந்த அறுபத்துநான்கையே எழுதினார்கள்? பங்கு என்றதும் இவர்களின் கை தானாக, கோடையில் குளத்தில் மிஞ்சிய தண்ணீரைக் கொண்டு செய்யும் சிறுபோகத்தின் பங்கைத்தான் எழுதும். ஊரில் இவர்களுக்குத் தெரிந்த பங்கு அது ஒன்றுதான். அதைச் சிரத்தையாக, நேர்மையாகச் செய்யத் தெரிந்தவர்கள். வேலியின் கடைசிக் கட்டைப் போட்டுக்கொண்டிருக்கும்போது அவருக்கு ஒன்று பளிச்சென்று விளங்கியது. வீட்டில் அதைப் பேச்சியம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவளே முந்திக்கொண்டு கூட்டத்தில் சொல்லிவிடுவாள், தனக்கு மிஞ்சாது.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. வேம்பின் கீழேயும் நிறைந்திருந்தது, பேச்சியம்மா புதன் முழுக்க வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தாள். ஆனால் சொன்னாலும், வந்தவர்கள் எல்லோரும் போய் நின்ற இடம் வேம்புதான். வீரபாகுவின் காலும் அங்கேதான் திரும்பியது. பேச்சியம்மா அவர் முழங்கையைப் பிடித்து நேராக நடத்தி மண்டபத்துக்குள் கொண்டுபோய், கடைசி வரிசையில் இரண்டு கதிரை பார்த்து இருத்தினாள். தலைகள் திரும்பின. அந்தக் கதிரை மெத்தென்று இல்லை, ஆனாலும் வீரபாகுவுக்கு விழுந்துவிடுவோமோ என்றிருந்தது.

கிருசாந்தி படத்தைச் சுவரில் ஒட்டி விளக்கினாள். இடம் கிறவல் மேடு என்று முடிவானது. அடுத்து யோகலிங்கம் பங்காளிப் பட்டியலை வாசித்து முடித்து, யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டோ என்று கேட்டார். எப்போதும் கேட்கிற கேள்வி அது. எப்போதும் யாரும் பதில் சொல்வதில்லை.

பேச்சியம்மா எழும்பினாள். "ஐயா, மேட்டுத்தெரு இருபத்திரெண்டு வீட்டுப் பேரு அதுல இல்லீங்க."

யோகலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய குழப்பம் உண்மையான குழப்பம். "மூண்டு கூட்டம் போட்டனாங்கள். உங்கட பக்கத்தால ஒருத்தரும் உள்ள வந்து பேர் தரேல்லை. விருப்பமில்லையாக்கும் எண்டுதான் நாங்கள் நினைச்சம்" என்றார்.

உள்ளேயும் வெளியேயும் தலைகள் குனிந்தன. இரண்டு பக்கமும் கொஞ்சம் வெட்கப்பட்டதுபோல இருந்தது. அந்த இடைவெளியில் குகதாசன் எழும்பினார். அவர் கணக்கில் கெட்டிக்காரர், இரண்டாம் வாய்க்காலில் மூன்று ஏக்கர் செய்கிறவர். வருத்தமான விஷயம்தான், ஆனால் உள்ள மின்சாரம் உள்ளதுதான் என்று அவர் நிதானமாக விளக்கினார். அறுபத்துநான்கு கிணற்றுக்கு இரண்டு மணித்தியாலம் வீதம் பிரித்தாயிற்று. எண்பத்தாறு ஆக்கினால் ஒவ்வொருவருக்கும் ஒன்றரைதான் வரும். அடுத்த திட்டம் ஏதும் வந்தால் மேட்டுத்தெருவைப் பார்ப்போம். அவர் சொன்னதில் பிழையில்லை. பல தலைகள் ஆடின.

அடுத்த திட்டம் என்று ஒன்று வருவதற்குள் பேச்சியம்மாவின் கைக்கு வயது என்னவாகும் என்று வீரபாகு நினைத்தார். நினைத்ததும் எழும்பிவிட்டார். எழும்பிய பிறகுதான், எழும்பியது தெரிந்தது.

"தலைவர் ஐயா, ஒண்டு கேக்கலாமோ?"

"கேளுங்கோ வீரபாகு."

"சிறுபோகத்துக்குக் குளத்தில தண்ணி காணாட்டி என்ன செய்யிறனீங்கள்?"

யோகலிங்கத்துக்கு இது பாலர் பாடம். "பங்கு பிரிக்கிறனாங்கள். துருசுக்குக் கிட்ட உள்ள மேல் வயலுகளை மட்டும் செய்யிறது. அதை எல்லாருக்கும் துண்டு போட்டுக் குடுக்கிறது."

"கீழ் வயல்காரற்ற காணிக்குத் தண்ணி எட்டாதுதானே? அவரை விட்டுப்போட்டுச் செய்யிறேல்லையோ?"

"அதெப்பிடி விடுறது? ஆளுக்குக் கொஞ்சம் குறைஞ்சாலும் எல்லாருக்கும் பங்கு இருக்கு. தண்ணி ஆற்ற வயலுக்குக் கிட்ட நிக்குதோ, அவர்தான் விட்டுக் குடுக்கவேணும். அதுதான் முறை."

"ஓம். அதுதான் முறை." வீரபாகு சுவரில் இருந்த படத்தைக் கைகாட்டினார். "இந்த முறை விளையப்போறது வெயில். வெயில் எங்கட மேட்டிலதான் இறங்குது. அப்ப நாங்கள்தான் மேல் வயல்காரர். நீங்கள் அறுபத்துநாலு பேரும் கீழ் வயல். முறைப்படி நாங்கள் உங்களுக்குப் பங்கு தரவேணும். தாறம். ஒருத்தரையும் விடமாட்டம். ஆனால் மேல் வயல்காரன் விட்டுக் குடுத்துப்போட்டு வரம்பில ஏறி நிண்டு பார்த்துக்கொண்டு இருக்கிறேல்லைத்தானே? அவனும் தன்ர பங்கில இறங்கி விதைப்பான்."

சொல்லிவிட்டு இருந்துவிட்டார். இருபது வருடத்தில் அவர் ஒரே மூச்சில் பேசிய ஆக நீளமான பேச்சு அது என்று பேச்சியம்மா பின்னால் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

முன்வரிசையில் ஒரு சிரிப்புக் கேட்டது. சிரித்தது சிவனேஸ்வரி, மாதர் சங்கத் தலைவி, யோகலிங்கத்தின் மூத்த சகோதரி. துருசிலிருந்து இரண்டாவது வயல் அவருடையது. அவர் எழும்பாமலே தம்பியைப் பார்த்துச் சொன்னார். "என்ர மனுசன் செத்து அப்ப ஆறு மாசம் ஆகேல்லை. அந்தச் சிறுபோகம் என்ர வயலில துண்டு வெட்ட நீதான் அளவுக் கயிறு பிடிச்சுக்கொண்டு வந்தனீ. நான் அழுதனான். தண்ணி உன்ர வரம்போட நிக்குது எண்டதுக்காக அது உன்ர தண்ணியோ அக்கா எண்டு கேட்டனீ. எனக்கு அண்டைக்குக் கோவம்தான். எண்டாலும் நீ கேட்டது சரி. இண்டைக்கு வெயிலுக்கும் அதைத்தான் சொல்லவேணும்."

யோகலிங்கம் கண்ணாடியைத் துடைத்தார். தண்ணீரில் ஒரு முறை, வெயிலில் ஒரு முறை என்று வைத்துக்கொள்ள அவரால் முடியாது. அப்படி வைத்துக்கொண்டால் இருபது வருடம் வட்டவிதானையாக நின்றதற்கு என்ன அர்த்தம்? சொந்த அக்காவின் வயலில் பிடித்த கயிறு அது. அவர் குகதாசனைப் பார்த்தார். குகதாசன் விரல்களை மடக்கி மனதுக்குள் ஏதோ போட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றரை மணித்தியாலம் என்றாலும் ஒரு கிணறு இறைக்கக் காணும் என்றார். கணக்காளரிடமிருந்து இதைவிடப் பெரிய சம்மதத்தை எதிர்பார்க்க முடியாது.

"சரி. பங்கு எண்பத்தாறு" என்றார் யோகலிங்கம். கிருசாந்தி அங்கேயே சிவப்புப் பேனாவை எடுத்து, மேட்டுத்தெருப் புள்ளிகளுக்கு வட்டம் போடத் தொடங்கினாள். பேச்சியம்மா கிட்டப்போய் நின்று, தன் கிணற்றுக்கு வட்டம் சரியாகப் போட்டாளா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

யோகலிங்கம் வாசலுக்கு வந்து வேம்பைப் பார்த்து, எல்லோரும் உள்ளே வந்து வரவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுங்கோ என்றார். அவர்கள் சைக்கிள்களைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு செருப்பை வாசலில் கழற்றிவிட்டு ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். செருப்பைக் கழற்றத் தேவையில்லை, மற்றவர்கள் யாரும் கழற்றவில்லை. கதிரை போதவில்லை. குகதாசனும் இன்னும் இரண்டு பேரும் பக்கத்துப் பாலர் பாடசாலை வாங்குகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முழங்கால் நெஞ்சில் முட்ட அந்தக் குட்டி வாங்குகளில் மேட்டுத்தெரு இருந்தது. எல்லோருக்கும் சிவனேஸ்வரி பிளேன்ரீ கொடுக்கச் செய்தார். பேச்சியம்மா ஒரு வாய் குடித்துவிட்டுத் தூளைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை பட்டியல் எண்பத்தாறு பெயரோடு கந்தோருக்குப் போனது. ஒரு கிழமைக்குள் முத்திரை குத்தித் திரும்பி வந்தது. அதை ஊரறிய வாசித்துப் பொறுப்பெடுக்கவேண்டும் என்று சனிக்கிழமை காலை மறுபடி கூட்டம். முதல்நாள் பின்னேரம் ஒரு சிறுமழை பெய்து புழுதியை அடக்கியிருந்தது. அங்கங்கே உழவு மிசின் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. வீரபாகு கிணற்றடியில் இரண்டு பாத்தி கொத்தி, மிளகாய் விதை தூவி, வைக்கோல் பரப்பிவிட்டுத்தான் புறப்பட்டார். மோட்டர் வர இன்னும் எத்தனை மாதமோ. நாற்று மேடை போட்டால் என்ன, பழுதா?

பேச்சியம்மா சிவனேஸ்வரியோடு கதைத்துக்கொண்டு முன்னாலேயே உள்ளே போய்விட்டாள். வீரபாகு உள்ளே போகத்தான் வந்தார், சத்தியமாக. ஆனால் சைக்கிளை எங்கே விடுவது என்று பார்த்தபோது கால் வேம்பின் கீழே போய் நின்றுகொண்டது. நின்றதும் உள்ளே யோகலிங்கம் தொண்டையைக் கனைப்பது கேட்டது. கை தன்னால் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டது. நாற்பது வருடப் பழக்கம் ஒரு கூட்டத்தில் போய்விடுமா?

"பட்டியலை வாசிக்கிறன். முறைப்படி, விளையிற இடத்துக்குக் கிட்ட உள்ள காணியிலயிருந்து" என்றார் யோகலிங்கம். தன் தகப்பனின் பெயரும், பின்னர் தன் பெயருமாக எழுபது வருடம் தொடங்கிய இடத்தில் அவர் ஒரு கணம் நிறுத்தினார். பேப்பர் சரசரத்தது.

"முதலாவது, ஆறுமுகம் வீரபாகு."

வேம்பின் கீழே வீரபாகு ஹாண்டிலை இன்னும் இறுக்கிப் பிடித்தார். உள்ளே ஒரு கதிரை பின்னால் தள்ளுப்படும் சத்தம் கேட்டது.

"இருக்கோம்ங்க" என்றாள் பேச்சியம்மா. "அவரு வெளிய சைக்கிள் விடுறாரு. நீங்க போட்டுக்கங்க."

வீரபாகு சைக்கிளை வேம்பில் சாத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, செருப்போடேயே உள்ளே போனார்.